ஒரு கடிகாரம் பார்க்க ஹைதராபாத் போன கதை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறடி அகலம், ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேஜை விளக்கு, என் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கிய ஒரு மர ஸ்டூல். அந்தப் பள்ளத்தில்தான் நானும் முப்பத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வரும் வேலையில் பத்துக்கு எட்டு, செல் மாற்றுவது. மீதி இரண்டு, ஸ்ட்ராப் மாற்றுவது. சாவி கொடுக்கிற கடிகாரம் மாதத்துக்கு ஒன்று வந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

எங்கள் மாவட்டத்துக்கும் வாட்சுக்கும் ராசி உண்டு. டைட்டன் தொழிற்சாலை ஓசூரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை வந்தது, இந்தப் பக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை போனது. செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று முதன்முதலில் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. அப்பா பின்மூடியைத் திறந்தார், கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியான ஐகிளாஸை மாட்டிப் பார்த்தார், அப்படியே மூடிவிட்டார். "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லடா" என்றார்.

அந்த அப்பா விட்டுப்போன ஆசை ஒன்று இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது லண்டன்பேட்டையிலிருந்து ஒரு பாய் கடைக்கு வருவார். அவருக்கு ஹைதராபாத்தில் சொந்தக்காரர்கள். ஒருமுறை போய்த் திரும்பியவர், அங்கே ஒரு மியூசியத்தில் பார்த்த கடிகாரத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார். மணிக்கு மணி ஒரு கதவு திறக்குமாம். உள்ளேயிருந்து தாடி வைத்த சின்ன மனிதன் வருவானாம். மணியை எண்ணி அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவானாம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உள்ளே ஆள் வெச்சிருப்பாரு நவாப்பு. சம்பளம் குடுக்க முடியாதா அவரால?" என்றார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவர் போன பிறகு அப்பா பழைய சிகரெட் அட்டை ஒன்றின் பின்பக்கம் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். லீவர், ஒரு பல்சக்கரம், ஒரு கதவு. எப்படிச் செய்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசி வரை ஹைதராபாத் போகவில்லை. கடையை மூடினால் அன்றைய வருமானம் போச்சு என்கிற மனிதர்.

என் மகளைக் கட்டிக்கொடுத்தது ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் பையனுக்கு. கல்யாணமாகி ஒன்பது வருடம். பேரனுக்கு ஏழு வயது. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர்கள்தான் இங்கே வருவார்கள், பெங்களூரா மாம்பழம் ஒரு கூடை கட்டிக்கொண்டு போவார்கள். இந்த முறை என் வீட்டுக்காரி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "நாலு நாள் கடையை மூடுங்க. ஊரு ஒண்ணும் நின்னுடாது."

மூடினேன். ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவருடைய சுவர்க் கடிகாரம். பெண்டுலம் வைத்தது, அவருடைய தாத்தா காலத்தது. நேரம் சரியாகத்தான் காட்டும். மணி மட்டும் தப்பாக அடிக்கும். மூன்று மணிக்கு நான்கு, ஆறு மணிக்கு எட்டு என்று மனம்போன போக்கில். ஆடிப்பெருக்குக்கு முன்பு கொடுத்தது. "அடிக்காம இருந்தாலும் பரவால்ல, தப்பா அடிக்கக் கூடாது. வீட்ல வயசானவங்க மாத்திரை அதை வெச்சுத்தான் சாப்பிடறாங்க" என்று சொல்லியிருந்தார். சரி, வந்ததும் மணியடிக்கிற பக்கத்தையே கழற்றி வைத்துவிட்டு நேரத்தை மட்டும் ஓடவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினேன்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. வெகு காலம் முன்பே அதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் ரயில் வருகிறது, தேர்தல் முடிந்ததும் போய்விடுகிறது. பஸ்ஸில் ஓசூர் வழியாகப் பெங்களூர் போய், அங்கிருந்து ஹைதராபாத்தின் காச்சிகூடா ஸ்டேஷனுக்குப் போகும் இரவு வண்டியைப் பிடித்தோம். உண்மையில் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நின்றுகொண்டு அந்த 44-ஆம் எண் சாலையை அப்படியே பிடித்தால் நேராக ஹைதராபாத்தில் கொண்டுபோய் விடும். அறுபது வயதில் அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார இடுப்பு சம்மதிக்கவில்லை.

முதல் நாளே சொதப்பல். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே மியூசியம் போய்விடலாம் என்று அடம்பிடித்தது நான்தான். மகள் அதற்காக ஆபீசுக்கு லீவு போட்டாள். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால் கேட் சாத்தியிருக்கிறது. சாலார்ஜங் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. காவலரிடம் எனக்குத் தெரிந்த கிருஷ்ணகிரித் தெலுங்கில் பேசிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

பரவாயில்லை, சார்மினார் பக்கத்தில்தான். 1591-இல் கட்டியது. எல்லோரும் மினாரைப் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போனது அதன் நான்கு பக்கமும் இருக்கும் கடிகாரங்களை. கட்டி ஏறத்தாழ முன்னூறு வருடம் கழித்து, 1889-இல் வைத்தவை. நான்கும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று என் கை வாட்சோடு ஒத்துப் பார்க்க ஒரு சுற்றுப் போனேன். வளையல் கடைக் கூட்டம், பழ வண்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் தாண்டி நான்காவது பக்கம் போய்ச் சேருவதற்குள் நேரமே மாறிவிட்டது. மாமனார் தொலைந்துவிட்டார் என்று மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி மஹபூப் சவுக்கில் 1892-இல் கட்டிய மணிக்கூண்டு ஒன்றும் இருக்கிறது. அதையும் காட்டச் சொன்னேன். "மாமா, பிரியாணி சாப்பிட்டுப் போலாமா?" என்றார் பாவம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் ஆளாக நின்றோம்.

இந்த மியூசியத்தின் கதையே ஒரு தனி ரகம். சாலார்ஜங் என்பது பட்டப்பெயர். நிஜாம்களிடம் திவானாக இருந்த ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு அந்தப் பட்டம். மூன்றாமவர் மீர் யூசுப் அலி கான். 1912-இல் இருபத்து மூன்று வயதில் ஏழாவது நிஜாமுக்கு திவான் ஆனார். 1914-இல் விலகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரே வேலை, பொருள் சேர்ப்பது. பாரசீகக் கம்பளம், சீனப் பீங்கான், ஜப்பான் வேலைப்பாடு, பிரெஞ்சு நாற்காலி, பிதர் கூஜா, கைத்தடி, பொம்மை எதையும் விடவில்லை. 1949-இல் அவர் இறந்தபோது வாரிசு இல்லை. வீடு நிறையச் சாமான். திவான் தேவடி என்ற அந்த மாளிகையிலேயே எல்லாவற்றையும் அடுக்கி, 1951 டிசம்பர் 16-இல் நேரு வந்து மியூசியமாகத் திறந்து வைத்தார். அடுக்கிக் கொடுத்தவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர். திருவனந்தபுரத்தில் சித்திராலயம் அமைக்க உதவியவரும் இவர்தான். மூசி ஆற்றங்கரையில் இப்போது இருக்கும் கட்டடத்துக்கு 1968-இல் மாறியது. நாற்பதாயிரத்துக்கு மேல் பொருள்கள். ஒரு தனி மனிதனும் அவனுடைய முன்னோர் இரண்டு மூன்று பேரும் சேர்த்தது இவ்வளவு. என் வீட்டில் பழைய வாட்ச் டயல் மூன்று டப்பா சேர்த்ததற்கே தினமும் திட்டு விழுகிறது.

முதலில் ரெபெக்கா. முக்காடு போட்ட ரெபெக்கா என்று சொல்கிறார்கள். இத்தாலிக்காரர் பென்சோனி 1876-இல் வெள்ளைப் பளிங்கில் செதுக்கியது. அதே வருடம் ரோமுக்குப் போன முதல் சாலார்ஜங் வாங்கி வந்தார். பைபிளில் வரும் மணப்பெண். தன்னைக் கட்டிக்கப்போகிறவனைத் தூரத்தில் பார்த்ததும் முக்காடு போட்டுக்கொள்கிறாள். முகத்தின் மேல் முக்காடு, முக்காட்டுக்குள் முகம், இரண்டுமே ஒரே கல். எல்லோரும் "எப்படிய்யா செஞ்சான்" என்று வாயைப் பிளக்கும்போது என் வீட்டுக்காரி மட்டும் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, துவைச்சு உதறி ஈரத்தோட போட்டாப்பல இருக்குது பாருங்க." அதுதான் ரகசியம். ஈரத் துணிதான் மூக்கிலும் கன்னத்திலும் அப்படி ஒட்டும். மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் மடிப்பு விழ வேண்டும். ஒட்டின இடத்தில் முகம் தெரியும், மடிந்த இடத்தில் துணி தெரியும். மீதியை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. பென்சோனி இதே உருவத்தை ஒன்றுக்கு மேல் செய்திருக்கிறாராம். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கைவேலைக்காரன் ஒருவன் ஒரு வித்தையைப் பிடித்துவிட்டால் ஒருமுறையோடு விடுவானா?

அங்கே நிற்கும்போதுதான் காவேரிப்பட்டணத்துக்காரர் போன் செய்தார். "ஆச்சுங்களா?" "வெளியூர்ல இருக்கேங்க, செவ்வாய்க்கிழமை கண்டிப்பா." ரெபெக்கா முக்காட்டுக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்து இரட்டைச் சிலை. முன்னால் பார்த்தால் திமிராக நிற்கும் ஆண், மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற சாத்தான். பின்னால் வைத்திருக்கும் கண்ணாடியில் பார்த்தால் தலை குனிந்த ஒரு பெண், கையில் ஜெபப் புத்தகம். பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரே மரத்துண்டில் செதுக்கியது. பேரன் முன்னாலும் பின்னாலும் ஓடி ஓடி, "தாத்தா, ரெண்டு பேர்ல யாரு மொதல்ல வந்தாங்க?" என்றான். நல்ல கேள்வி. செதுக்கினவனுக்கும் அந்தச் சிக்கல் இருந்திருக்கும். அவனுடைய நெஞ்சை நிமிர்த்தினால் அவளுடைய முதுகுக்குத்தான் மரம் குறையும். அவளுடைய தலையைக் குனிய வைத்தால் அவன் கழுத்துக்குப் பின்னால் இடம் கிடைக்கும். ஒருவர் விட்டுக்கொடுத்த மரத்தில் இன்னொருவர் நிற்கிறார். ஒரு பக்கம் உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் இரண்டு பேரும் காலி. அரை மணி நேரம் நின்றிருப்பேன். மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

ஜேட் என்கிற பச்சைக்கல் சாமான் அறையில் ஜஹாங்கீர் வைத்திருந்த கத்தி, நூர்ஜஹானின் பழக்கத்தி என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பதினொரு மணி ஆகிவிட்டது. கடிகாரத்தின் ஒரு மணியடிப்பைக் கோட்டை விட்டோம். வயிற்றில் புளியைக் கரைத்தது. பன்னிரண்டை விடக்கூடாது என்று மனதுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. அதனால் ஐரோப்பிய ஓவியங்கள், ஜப்பான், சீனா எல்லாவற்றையும் பஸ் ஜன்னலில் ஊர் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். ஓவியப் பிரியர்கள் மன்னிக்கவும்.

தந்தச் சாமான்களில் மட்டும் கால் நின்றது. பிரான்சு மன்னர் பதினாறாம் லூயி திப்பு சுல்தானுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் தந்த நாற்காலிகள். எங்கள் ஊர்க்காரனுக்குத் திப்பு பக்கத்து வீட்டு ஆள் மாதிரி. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஹைதர் அலியும் திப்புவும் வைத்திருந்த கோட்டை. 1792 உடன்படிக்கையில் பாராமகால் முழுவதையும், அதாவது எங்கள் கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும், திப்பு ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வருடம் அந்த லூயியின் தலை போனது. இன்னும் ஆறு வருடத்தில் திப்புவும் போனார். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, நாற்காலி மட்டும் சாயாமல் நிற்கிறது. "உக்காந்தா உடைஞ்சிரும்போல" என்றாள் வீட்டுக்காரி.

ஆயுத அறையில் வாள்கள், கேடயங்கள், துப்பாக்கிகள். எல்லாம் துடைத்து, வரிசையாக, விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தன. எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் ஞாபகம் வந்தார். 2004 வரை நாங்களும் தருமபுரி மாவட்டம்தானே. தருமபுரி அந்தக் காலத்துத் தகடூர், அதியமான் ஊர். எனவே அதியமானும் ஔவையும் என்றால் வாத்தியாருக்குத் தனி உற்சாகம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவை. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து பெருமையாகக் காட்டுகிறான். ஔவை பாராட்டுகிறார்: உன் வேல்கள் மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக்கொண்டு காவல் மிகுந்த அரண்மனைக்குள் அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறைக் கொட்டகையில் கிடக்கின்றன. புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. அப்போது நாங்கள் சிரித்தோம், கிழவி என்ன சாமர்த்தியமாகத் திட்டுகிறாள் என்று. இப்போது வேறொன்று தோன்றியது. அந்தப் பாட்டில் பெருமை யாருக்குப் போகிறது? ரிப்பேர் கடைக்கு. தமிழில் எங்கள் தொழிலுக்கு இவ்வளவு நல்ல வார்த்தையை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதே நினைப்போடு கடிகார அறைக்குள் போனேன். என்ன சொல்ல. ஆளுயரக் கடிகாரங்கள், பறவைக் கூண்டு வடிவத்தில் கடிகாரம், உடம்பில் மூடியே இல்லாமல் எலும்புக்கூடு மாதிரி எல்லாச் சக்கரமும் தெரியும் கடிகாரம், உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டிய குட்டிக் கடிகாரம். பிரான்சு, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து. அப்பா பெயர் மட்டும் சொல்லிக் கேட்ட தினுசுகள் எல்லாம் ஒரே இடத்தில். மகள், "அப்பா, அழறீங்களா?" என்றாள். ஐகிளாஸ் போட்டுப் போட்டு எனக்கு வலது கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் நின்றிருந்தன. பக்கத்தில் ஒரு பையன் தன் நண்பனிடம் கேட்டான், ஏன் இதையெல்லாம் ஓட விடுவதில்லை என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தம்பி, கடிகாரம் ஓடினால் தேயும் என்றேன். உள்ளே சக்கரத்தின் அச்சு முனை ஊசி மாதிரி இருக்கும். பித்தளைத் தகட்டில் ஓட்டை போட்டு அதில் நிறுத்தியிருப்பார்கள். எண்ணெய் காய்ந்தால் பிசினாகிவிடும், தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அராவும். வட்ட ஓட்டை நீள்வட்டமாகும், சக்கரம் சாயும், பல் பல்லைக் கடிக்கும். இருநூறு வருடக் கடிகாரத்தைத் தினமும் ஓட்டினால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழற்றலிலும் ஒரு திருகாவது கெடும். நிறுத்தி வைப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. பையன் மரியாதையாகக் கேட்டுவிட்டு நகர்ந்தான். சொன்னது எல்லாம் சரிதான். சொன்ன எனக்கே மனசு ஆறவில்லை. கடிகாரத்துக்கு நெய் பூசி மாலை போட்ட மாதிரி இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கே அந்தப் பெரிய கடிகாரத்தின் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தேன். இசைக் கடிகாரம் என்று பெயர். பாகங்கள் இங்கிலாந்தில் செய்தவை, கல்கத்தாவில் குக் அண்ட் கெல்வி கம்பெனி அவற்றைப் பூட்டி முடித்தது. முன்னூற்றைம்பதுக்கு மேல் பாகங்கள். மேலே கதவு. வலது பக்கம் ஒரு சின்னக் கொல்லன், பட்டறைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். நொடிக்கு ஓர் அடி. கையைப் பிடித்து என் வாட்சின் நொடிமுள்ளோடு ஒத்துப் பார்த்தேன். என்னுடையது பெங்களூரில் செய்த ஹெச்.எம்.டி. ஜனதா, இன்றைக்கும் தினமும் சாவி கொடுத்துத்தான் கட்டுகிறேன். அது இரண்டு நிமிடம் பின்னால் இருந்தது. ரயிலில் தூங்கிப்போய் ஒரு நேரம் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். வாட்ச்காரன் கையிலேயே தப்பு நேரம். யாரும் பார்ப்பதற்குள் சரி செய்துகொண்டேன்.

அடிக்கிற கடிகாரம் எதுவாக இருந்தாலும் மணிக்குச் சில நிமிடம் முன்பே உள்ளே ஒரு சத்தம் வரும். லீவர் ஒன்று எழும்பும், அடிக்கிற பக்கத்துச் சக்கரங்கள் கொஞ்சம் ஓடி, ஒரு முளையில் இடித்து நிற்கும். முள் பன்னிரண்டைத் தொட்டதும் முளை விலகும், அடி விழும். அப்பா இதை 'மூச்சு இழுக்கறது' என்பார். அதனால் முள் இன்னும் பன்னிரண்டைத் தொடாதபோதே கதவு திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூச்சு இழுக்கிறது! தாடிக்காரர் வெளியே வந்தார். எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார், நானும் எழுந்தேன், பின்னால் இருந்தவர் என்னைத் திட்டினார். முதல் அடி. பேரன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான், ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில். பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு முடிந்து தாடிக்காரர் உள்ளே போனதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு நிமிடத்தில் இடம் காலி.

"போலாமா அப்பா? சாப்பிடணும்" என்றாள் மகள். நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் ஒரு மணி வரைக்கும் இருக்கேன் என்றேன். "இன்னொரு வாட்டி அதேதானே வரும்?" என்றாள். வீட்டுக்காரி அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரம் நானும் கொல்லனும்தான். ஆட்கள் வருவார்கள், பலகையைப் படிப்பார்கள், இன்னும் நேரமிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்கள். கொல்லன் நிறுத்தவில்லை. தாடிக்காரருக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் எழுபத்தெட்டு அடி, ஒரு நாளைக்கு நூற்றைம்பத்தாறு. அதற்குத்தான் கைதட்டல். கொல்லனுக்கு ஒரு நாளைக்கு 86,400. எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு நாலாயிரத்து இருநூறு வருடம் பழையது என்று 2022-இல் அறிவித்தார்களே, அதைச் செய்த கொல்லன் எத்தனை அடி அடித்திருப்பான் என்று எண்ணம் எங்கெங்கோ போனது. பசி மயக்கமாகவும் இருக்கலாம்.

ஒரு மணி நெருங்கியபோது என்னோடு ஆறேழு பேர்தான் இருந்தார்கள். கதவு அதே மாதிரி திறந்தது. தாடிக்காரர் அதே மாதிரி, அவசரமே இல்லாமல் வந்தார். நின்றார். ஒரே ஓர் அடி. திரும்பிப் போனார், கதவு மூடியது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஓர் அடிக்காக இவ்வளவு ஏற்பாடு! பன்னிரண்டுக்கு எவ்வளவு சிரத்தையாக வந்தாரோ அதே சிரத்தை. பக்கத்தில் இருந்த அம்மா, "அந்தேனா?" என்று என்னிடம் கேட்டார், அவ்வளவுதானா என்று. ஆமாம்மா, ஒண்ணுக்கு ஒண்ணுதான் என்றேன்.

அப்பா சிகரெட் அட்டையில் போட்டிருந்த கணக்கில் கதவும் ஆளும் ஒரே லீவரில் இருந்தன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் அது தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கதவு முழுசாகத் திறந்த பிறகுதான் ஆள் நகர்கிறார். இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்க வேண்டும். இதை யாரிடம் சொல்வது? சாப்பிட்டு வந்த மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஓ, அப்படியா மாமா" என்றார். நல்ல பையன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினேன். முதலில் இரண்டு செல், ஒரு ஸ்ட்ராப். பதினொரு மணிக்கு மேல் காவேரிப்பட்டணத்துக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேஜையில் படுக்கப் போட்டேன். அடிக்கிற பக்கத்தைக் கழற்றத்தான் திருப்புளியை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு ஐகிளாஸை மாட்டினேன். இந்தப் பழைய ரகத்தில் விளிம்பெல்லாம் வெட்டு வெட்டாக ஒரு சக்கரம் இருக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போகும். ஒன்றுக்குக் குட்டைத் தூரம், பன்னிரண்டுக்கு நீளத் தூரம். லீவர் நுனி வெட்டில் விழுந்தால் அடி நிற்கும். இதில் நுனி தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. சில நேரம் வெட்டில் விழாமல் வழுக்கிக்கொண்டு அடுத்த மணிக்கும் சேர்த்து அடித்துவிடுகிறது. அவ்வளவுதான் கோளாறு. எஃகுத் துண்டு ஒன்றை ஒட்டவைத்து அரம் போட்டு, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி அரம் போட்டு. மூன்று மணி நேர வேலை. இதற்கு நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் கேட்டால் அவர் மூஞ்சி போகும்.

சுவரில் மாட்டி, பெண்டுலத்தை ஆட்டிவிட்டு, அடியை நேரத்தோடு சேர்த்து வைத்தேன். மூன்று மணிக்குச் சில நிமிடம் முன்பு உள்ளே டக்கென்று சத்தம் கேட்டது. கையில் இருந்த வாட்சைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று அடித்தது. நின்றது. எதிர்க்கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, மூணு ஆயிடுச்சா?" என்று பால் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.